திங்கக்கிழமை ரெட் பீன்ஸ், ஆபீஸ் விட்டு வந்த பிறகு

அமெரிக்காவோட தெற்குல நியூ ஆர்லியன்ஸ்னு ஒரு ஊர், அங்க திங்கக்கிழமைன்னாலே ரெட் பீன்ஸ் அண்ட் ரைஸ்தான். அந்தக் காலத்துல திங்கக்கிழமை துணி துவைக்கிற நாள், எல்லாம் கையாலதான், அடுப்புகிட்ட நிக்க யாருக்கும் நேரம் இருக்காது, அதனால ஞாயித்துக்கிழமை சாப்பிட்ட ஹாம்ல, அதாவது பதப்படுத்தின பன்றித் தொடைக் கறில, மிஞ்சின எலும்பையும் சிவப்பு பீன்ஸையும் ஒரே பானைல போட்டு சின்ன தீயில விட்டுட்டு துவைக்கப் போயிடுவாங்க, சாயங்காலம் சோத்துக்கு குழம்பு ரெடி. 1901ல அந்த ஊர்ல பொறந்த ஜாஸ் இசை மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் லெட்டர் முடிக்கும்போது 'ரெட் பீன்ஸ் அண்ட் ரைஸ்லி யுவர்ஸ்'னு எழுதுவார், அவ்வளவு பிரியம்.

நாம ராஜ்மான்னு வாங்குறதும் இதே ஜாதி பீன்ஸ்தான். வேலை முடிஞ்சு ஏழு மணிக்கு வீட்டுக்கு வர்றவங்க இதை செய்யணும்னா, சின்ன தீயில வேகற அந்த மூணு நாலு மணி நேரம் பானைக்குள்ள என்னதான் நடக்குதுன்னு தெரிஞ்சுக்கணும்.

பீன்ஸுக்குள்ள இருக்கற செல்களை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வெச்சிருக்கறது பெக்டின்ங்கற பசை. சூடு பட பட அது கரையும், செல்கள் தனித்தனியா பிரியும், அதைத்தான் நாம வெந்துடுச்சுங்கறோம். கால்சியம் இந்தப் பசையை இறுக்கிப் பிடிச்சுக்கும், கால்சியம் நிறைஞ்ச போர்வெல் தண்ணில பருப்பு வேகமாட்டேங்குதுன்னு சொல்றது இதனாலதான். புளிப்பும் பசையை கரைய விடாது. நான் ஒரு தடவை ஆரம்பத்துலயே தக்காளியும் வினிகரும் சேர்த்துட்டேன், ரெண்டு மணி நேரம் கொதிச்சும் விரல்ல நசுக்கினா நடுவுல சுண்ணாம்பு மாதிரி நறுக்குனு நின்னுச்சு.

அதனால காலைல கிளம்பும்போதே ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு டேபிள்ஸ்பூன் உப்பு போட்டு ஊற வெச்சுடுங்க. உப்பு போட்டா வேகாதுன்னு சொல்வாங்க, ஊற வைக்கறப்போ நடக்கறது நேர் எதிர், உப்புல இருக்கற சோடியம் தோல்ல இருக்கற கால்சியத்தை கொஞ்சம் வெளிய தள்ளிட்டு அந்த இடத்துல உக்காந்துக்கும், தோல் இளகிடும்.

சாயங்காலம் குக்கர். திறந்த பானைல தண்ணி 100 டிகிரிக்கு மேல போகாது, குக்கர்ல அழுத்தத்தால சுமார் 120 வரைக்கும் போகும். வெறும் 20 டிகிரிதானேன்னு தோணும், ஆனா இந்த மாதிரி மாற்றங்கள் பத்து டிகிரி ஏறினா ஏறக்குறைய ரெண்டு மடங்கு வேகமாகும், அப்போ நாலு மடங்கு. ஊறின பீன்ஸ் குழைய இருபது நிமிஷம் போதும். பாதி குக்கருக்கு மேல ரொப்பாதீங்க, நுரை வந்து துவாரத்தை அடைச்சுக்கும்.

ஒரு விஷயத்துல மட்டும் விளையாடக் கூடாது. பச்சை ராஜ்மால லெக்டின்னு ஒரு நச்சுப் புரதம் இருக்கு, நாலஞ்சு பீன்ஸ் வேகாம உள்ள போனாலே சில மணி நேரத்துல வாந்தி, வயித்துப்போக்கு. 80 டிகிரில மெதுவா வெந்தா அது அழியறதில்ல, பச்சையா இருக்கறதை விட மோசமாகவும் வாய்ப்பிருக்கு. அதனால ஸ்லோ குக்கர்ல, அதாவது குறைஞ்ச சூட்டுல மணிக்கணக்கா வேக வைக்கற கரண்ட் பானைல, நேரா போடாதீங்க, ஊறின தண்ணியை கொட்டிட்டு புதுத் தண்ணில அரை மணி நேரம் தளதளன்னு கொதிக்க விட்டுட்டு அப்புறம் போடுங்க. பிரஷர் குக்கர்ல நல்லா வெந்ததுக்கு இந்த பயம் வேண்டாம்.

குக்கரால முடியாதது ஒண்ணு இருக்கு, வதக்கற வாசனை. ஈரத்துல எதுவும் சிவக்காது. அதனால மூடறதுக்கு முன்னாடியே ஆண்டூயிங்கற புகை போட்ட சாசேஜை வட்டமா நறுக்கி ஓரம் கருஞ்சிவப்பாகற வரைக்கும் வறுத்துட்டு, அந்தக் கொழுப்புலயே வெங்காயம், செலரி, குடமிளகாய் மூணையும் வதக்கணும், அந்த ஊர்க்காரங்க இந்த மூணையும் ஹோலி டிரினிட்டின்னு சொல்றாங்க. அடில ஒட்டினதை தண்ணி விட்டு சுரண்டி எடுங்க, ருசி பூரா அதுலதான் இருக்கு. பிரிஞ்சி இலை, பூண்டு, பீன்ஸ், மூடி.

பிரஷர் தானா அடங்கட்டும். திறந்ததும் குழம்பு தண்ணியாதான் தெரியும், பயப்படாதீங்க, குழம்பை கெட்டியாக்கற ஸ்டார்ச், அதாவது மாவுச்சத்து, இன்னும் செல்லுக்குள்ளயே இருக்கு. ஒரு கரண்டி பீன்ஸை பானை ஓரத்துல வெச்சு நசுக்குங்க, செல் உடைஞ்சு ஸ்டார்ச் வெளிய வரும், அஞ்சு நிமிஷம் கிளறினா கரண்டியோட முதுகுல பாயசம் மாதிரி படியும். வினிகர் கலந்த ஹாட் சாஸை அப்புறம் தட்டுல ஊத்திக்கங்க, பசை எல்லாம் கரைஞ்சு முடிஞ்சுது, புளிப்பால இனி ஒண்ணும் பண்ண முடியாது.