வின்சென்ட் என்ஜினில் அழித்த எண் எப்படித் திரும்ப வருகிறது?

2018 ஜனவரியில் லாஸ் வேகாஸில் போன்ஹாம்ஸ் நடத்திய ஏலத்தில், 1951-ஆம் ஆண்டின் வின்சென்ட் பிளாக் லைட்னிங் மோட்டார் சைக்கிள் ஒன்று 9,29,000 டாலருக்குப் போனது. இங்கிலாந்தின் ஸ்டீவனேஜ் ஊரில் அந்த மாடலில் சுமார் 30 வண்டிகள்தான் செய்தார்கள். இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் போலி வராமல் இருக்குமா?

அதே தொழிற்சாலையின் ரேபிட், பிளாக் ஷேடோ மாடல்கள் இரண்டுக்கும் அடிப்படையில் ஒரே 998 சிசி வி-ட்வின் (V வடிவில் இரண்டு சிலிண்டர்) என்ஜின்தான். ஷேடோவுக்கு கம்ப்ரெஷன் கொஞ்சம் கூடுதல், என்ஜின் மேல் கருப்பு எனாமல். ரேபிடை விலை கூடிய ஷேடோவாகக் காட்ட, இதையெல்லாம் பிற்பாடும் செய்துவிடலாம். என்ஜினில் அடித்த எண்ணின் முன்பகுதியில் வித்தியாசம் ஒரே எழுத்து: ரேபிட் என்றால் ‘எஃப்10ஏபி/1’, ஷேடோ என்றால் ‘எஃப்10ஏபி/1பி’.

சரி, ஒரு ‘பி’யை மட்டும் சேர்த்து அடித்தால் போதாதா? போதாது. இந்த ட்வின்களில் அந்த முன்பகுதிக்குப் பின்னால் வரும் என்ஜின் வரிசை எண்ணோடு 1900-ஐக் கூட்டினால் ஃபிரேம் எண் வரவேண்டும். எந்த எண் எந்த மாடல் என்பதும் தொழிற்சாலைப் பதிவேட்டில் இருக்கிறது. அதனால் ஏமாற்ற நினைப்பவர், காணாமல்போன ஏதோ ஒரு ஷேடோவின் எண்ணை எடுத்துக்கொண்டு, பழையதை முழுக்க அரத்தால் ராவிவிட்டுப் புதிதாக அடிக்கிறார்.

அங்கேதான் உலோகம் அவரைக் காட்டிக்கொடுக்கிறது. எண் பொறித்த எஃகு அச்சை வைத்துச் சுத்தியலால் அடிக்கும்போது பள்ளம் மட்டும் விழுவதில்லை. அதற்குக் கீழேயும் உலோகப் படிகங்களில் அணு வரிசைகள் நழுவி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. கட்டுக்கம்பியை ஒரே இடத்தில் வளைத்து வளைத்து நிமிர்த்தினால் அந்த இடம் விறைத்துப் போகிறதே, அதே விளைவுதான். எழுத்தை ராவினாலும் அடியில் இருக்கும் இந்த நசுங்கிய பகுதி மிஞ்சுகிறது. அதில் ஆற்றல் தேங்கியிருப்பதால், அரிக்கும் திரவம் அதைச் சுற்றியுள்ள உலோகத்தைவிட வேறு வேகத்தில் தின்கிறது.

பரப்பைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, திரவத்தில் நனைத்த பஞ்சால் துடைத்துத் துடைத்துக் காத்திருப்பார்கள். எஃகு ஃபிரேமுக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் காப்பர் குளோரைடு கலந்த கரைசல். என்ஜினின் அடிப்பகுதி உறையான அலுமினிய கிராங்க்கேஸுக்கு காஸ்டிக் சோடா போன்றவை. மெல்ல மெல்லப் பழைய எண்ணின் நிழல் எழும்பும். தொடர்ந்து அரித்தால் மங்கிவிடும் என்பதால், தெரிந்த மாத்திரத்தில் படம் எடுத்துவிட வேண்டும். திருட்டு வண்டி, துப்பாக்கி வழக்குகளில் தடயவியல் கூடங்கள் கையாளும் முறை இது.

நசுங்கிய பகுதி முழுவதையும் தாண்டி ஆழமாக ராவினாலோ, வெல்டிங் வைத்து உருக்கினாலோ எண் திரும்பாது. ஆனால் வெல்டிங்கின் படிக அமைப்பு வார்ப்பிலிருந்து வேறுபடும்; அந்த எல்லைக்கோட்டையே அரிக்கும் திரவம் காட்டிவிடும்.

எழுபது வருட வண்டியில் எடுத்த எடுப்பில் அரிக்கும் திரவம் வைப்பது பாவம். முதலில் பூதக்கண்ணாடி போதும். கையால் அடித்த எண்கள் கொஞ்சம் கோணலாக, ஆழம் ஏறி இறங்கி இருக்கும். விளிம்பில் உலோகம் லேசாகப் பிதுங்கியிருக்கும். எண்ணுக்குக் கீழே அரம் ஓடிய கீறல் தெரிந்தால் சந்தேகம் சரிதான்.

ரேபிடை ஷேடோ தரத்துக்கு மாற்றி, அப்படியே சொல்லி விற்பதில் தவறே இல்லை. ஓட்ட அருமையான வண்டி. எண்ணை அழிப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. அதோடு ஒரு நிஜ ரேபிடின் சரித்திரமும் போய்விடுகிறது.

வாங்கப் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கிராங்க்கேஸின் இரண்டு பாதிகளிலும் தொழிற்சாலையிலேயே ஒரே ஜோடி எண் அடித்திருப்பார்கள். ஏலக் கேட்டலாக்கில் என்ஜின், மேல் ஃபிரேம், பின் ஃபிரேம் எண்களோடு அதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், விலை கேட்பதற்கு முன்னால் அதைக் கேளுங்கள்.