‘நான் வருத்தக்காரி தானே, மிஸ்?’

வன்னியில் நோயை ‘வருத்தம்’ என்றுதான் சொல்வோம். சீனி வருத்தம், நெஞ்சு வருத்தம். செய்த பிழைக்காக மனம் நோவதற்கும் அதே சொல். உளநலப் பிரிவில் ஆளுமைக் கோளாறு உள்ளவர்களோடு பேசும்போது இந்த இரண்டும் அடிக்கடி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்.

கிளிநொச்சிப் பக்கத்துப் பெண் ஒருவர், தையல் வேலை செய்பவர். (அடையாளம் தெரியாமலிருக்கப் பலருடைய கதைகளைக் கலந்திருக்கிறேன்.) எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு (உணர்ச்சியும் உறவும் நிலையாக நிற்காமல் ஏறி இறங்கும் நோய்) என்று மனநல மருத்துவர் சொல்லியிருந்தார். ஒருநாள் வயலில் நின்ற கணவரை இவர் மூன்று முறை அழைத்தும் கணவர் எடுக்கவில்லை. கணவர் வீடு வந்ததும் அவருடைய போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்துவிட்டார் இந்தப் பெண். அடுத்த கிளினிக்கில் ஒரே அழுகை. பிறகு கேட்டார்: “நான் வருத்தக்காரி தானே, மிஸ்? என்னால என்ன செய்யேலும்?”

2009இல் அவருக்குப் பத்து வயது. தகப்பனைக் கடைசியாகக் கண்டது அப்போதுதான். அழைப்பை எடுக்காவிட்டால் ‘விட்டிட்டுப் போகப்போறார்’ என்று நெஞ்சு பதறுவது நடிப்பல்ல. கைவிட்டுவிடுவார்களோ என்ற பயம் இந்தக் கோளாறின் ஒன்பது அறிகுறிகளில் ஒன்று. குறைந்தது ஐந்து இருந்தால்தான் மருத்துவர் இந்தப் பெயரைச் சொல்வார். ஆகவே கோபக்கார மருமகளுக்கெல்லாம் இதை ஒட்டிவிடாதீர்கள். போரைக் கண்ட எல்லோருக்கும் இது வருவதுமில்லை.

சரி, பயத்துக்குக் காரணம் இருக்கிறது. போன் உடைந்துதான் கிடக்கிறது.

இந்தக் கோளாறுக்கான பேச்சுச் சிகிச்சைகளில் ஒன்றான இயங்கியல் நடத்தைச் சிகிச்சையை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான், இளவயதில் தானும் மனநல மருத்துவமனையில் இருந்ததை 2011இல் வெளியில் சொன்னார். நோயாளியின் பிரச்சினைகள் எல்லாம் அவரால் வந்தவை அல்ல, என்றாலும் தீர்க்க வேண்டியவர் அவர்தான் என்பது அந்தச் சிகிச்சையின் அடிப்படைகளில் ஒன்று. முதலில் வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. எல்லாவற்றையும் இழந்த சனத்திடம் இதைச் சொல்வதா? இப்போது, ‘பாவம், அவளால ஏலாது’ என்று வீட்டார் சொல்வதைக் கேட்டால்தான் கோபம் வருகிறது.

இந்தப் பெண் மன்னிப்புக் கேட்காதவர் அல்ல. அழுவார், காலில் விழுவார், எல்லோரும் தேற்றுவார்கள், பத்து நாளில் இன்னொன்று உடையும். அதனால் போன் என்ன விலை என்று கேட்டேன். பன்னிரண்டாயிரம். தையல் காசில் கிழமைக்கு ஐந்நூறு ரூபாய் கணவரிடம் கொடுக்கச் சொன்னேன். “ஒரு வீட்டுக்குள்ள என்ன காசு, மிஸ்?” என்று கணவர் கூச்சப்பட்டார். வாங்கத்தான் வேண்டும் என்றேன்.

அதோடு ஒரு சீ.ஆர். கொப்பி, தடித்த அட்டை போட்ட குறிப்பேடு. கோபம் வந்த நாளில் அதற்கு முன் நடந்ததை ஒவ்வொன்றாக எழுத வேண்டும். போன் உடைந்த நாளை எழுதியபோது, வெள்ளி விரதம், முதல்நாள் நித்திரையில்லை, வெயிலில் பஸ்ஸுக்கு நின்றது எல்லாம் வந்தன. மூன்றாவது அழைப்புக்கு முன்பே உடம்பு தயாராக இருந்திருக்கிறது. இப்போது பதற்றம் ஏறினால் கிணற்றடிக்குப் போய், குளிர்ந்த தண்ணீரில் முகத்தை அமிழ்த்திக் கொஞ்சம் மூச்சைப் பிடிக்கிறார். இதயத் துடிப்பு இறங்கும். (இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.)

இந்தக் கோளாறையே மாற்றும் குளிசை என்று எதுவுமில்லை. ஆனால் ‘பிறவிக்குணம், மாறாது’ என்பதும் பிழை. அமெரிக்காவில் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்ற 290 பேரைப் பத்து வருடம் பின்தொடர்ந்தார்கள். 2010இல் வந்த முடிவின்படி, 93 சதவீதமானோருக்கு அறிகுறிகள் தணிந்து இரண்டு வருடமாவது அப்படியே இருந்தது. அதோடு வேலையும் உறவும் நிலைத்தவர்கள் பாதிப்பேர்தான். கொப்பியும் கடனும் அந்தப் பாதிக்குள் வருவதற்காக.

தன்னைக் காயப்படுத்தும் எண்ணம் வந்தால் கொப்பியைத் தேட வேண்டாம். ஆளைத் தனியே விடாதீர்கள். இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

போன கிழமை வந்தார். மாமியோடு சண்டையாம், வாய் கொஞ்சம் நீண்டுவிட்டதாம். “ஒண்டும் உடைக்கேல்லை, மிஸ். மாமியிட்டச் சொல்லிப்போட்டு, எழுதிப்போட்டுத்தான் வந்தனான்.” போன் கடன் தீர இன்னும் மூன்று கிழமை இருக்கிறது.