தீர்ப்பு இருந்தது, நிறைவேற்ற ஆள் இல்லை

ஒரு கால்வாயின் தண்ணீரை இருபது பேர் முறைவைத்துப் பாய்ச்சுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தலைமடைக்காரர் தம் முறை முடிந்த பிறகும் மடையை அடைக்காமல் விட்டால் கடைமடைப் பயிர் வாடும். இருபது பேர் என்றால் நேரில் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். தவறு செய்தவருக்கு மற்றவர்களின் ஏச்சே தண்டனை. பல்லாயிரம் பேர் என்றாகும்போது யார் எவ்வளவு எடுத்தார் என்பதே தெரியாது. அங்கே விதியை வகுக்கவும், வழக்கைத் தீர்க்கவும், தீர்ப்பை நடைமுறைப்படுத்தவும் தனித்தனியே ஏற்பாடு தேவைப்படுகிறது. அந்த ஏற்பாட்டைத்தான் அரசு என்கிறோம்.

மேய்ச்சல் நிலத்தையும் பாசன நீரையும் மேலிருந்து யாரும் ஆணையிடாமலே மக்கள் நீடித்துப் பேண முடியும் என்று காட்டிய எலினோர் ஆஸ்ட்ரம் 2009இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் அவர் ஆராய்ந்தவற்றுள் நெடுங்காலம் நிலைத்த அமைப்புகளிலும் கண்காணிப்பவர் இருந்தார், மீறியவருக்குப் படிப்படியாகக் கூடும் தண்டனையும் இருந்தது.

விதி வகுத்தல், வழக்குத் தீர்த்தல், தீர்ப்பை நிறைவேற்றல் என்ற மூன்றில் ஒன்று மட்டும் இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதற்கு ஐஸ்லாந்தைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. ஏறத்தாழ 930இல் அங்கே ஆல்திங் என்ற பொதுமன்றம் கூடியது. சட்டம் இன்னும் எழுத்தில் ஏறாத அந்தக் காலத்தில், சட்டமுரைப்பவர் ஒருவர் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு என மூன்றாண்டுகளில் முழுச் சட்டத்தையும் நினைவிலிருந்து ஒப்பிப்பார். சட்டமும் நீதிமன்றமும் இருந்த அந்த நாட்டில் அரசனோ, படையோ, காவலரோ இல்லை. வழக்கில் வென்றவர் தீர்ப்பைத் தாமே நிறைவேற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு வலுவில்லாதவர் வலுவான ஒரு தலைவரைச் சார்ந்தாக வேண்டும். நாளடைவில் அதிகாரம் சில குடும்பங்களிடம் குவிந்தது. அவை தமக்குள் போரிட்டு ஓய்ந்த நிலையில், 1262 முதல் 1264 வரையிலான ஆண்டுகளில் ஐஸ்லாந்தர் நார்வே மன்னரின் ஆட்சியை ஏற்றனர்.

நிறைவேற்றும் வலிமை ஒருவரிடம் சேர்ந்ததும் அடுத்த சிக்கல் எழுகிறது: அவர் தவறினால் யார் தடுப்பது? ஆள்பவர் ஒருவரா, சிலரா, பலரா என்று எண்ணியும், பொதுநலத்துக்கு ஆள்கிறார்களா தன்னலத்துக்கா என்று பார்த்தும் அரிஸ்டாட்டில் ஆட்சிகளை ஆறாகப் பிரித்தார். இன்று பெயரை நம்ப முடியாது. ஜப்பானும் சுவீடனும் முடியாட்சிகள், ஆனால் ஆள்வது தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். குடியரசு என்ற பெயரிலேயே வாக்கால் யாரையும் அகற்ற முடியாத நாடுகளும் உண்டு. ஆகவே, ஆள்பவரை எப்படி இறக்குவது என்று கேட்பதே மேல்.

நாடாளுமன்ற முறையில் பெரும்பான்மையை இழந்த பிரதமர் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் பதவி இழப்பார். இதில் கவிழ்ப்பது எளிது, அடுத்த ஆட்சியை அமைப்பதுதான் கடினம். 1919க்குப் பிந்தைய ஜெர்மனி இதில் பட்ட பாட்டால், அடிப்படைச் சட்டம் எனப்படும் 1949இன் மேற்கு ஜெர்மன் அரசியலமைப்பு ஒரு பூட்டுப் போட்டது: அடுத்தவரைத் தேர்ந்தெடுத்தால்தான் இருப்பவரை இறக்கலாம். நாட்டின் தலைமை அமைச்சருக்கு எதிராக இது ஒரே ஒரு முறை, 1982இல், ஹெல்முட் ஷ்மிட் இறங்கி ஹெல்முட் கோல் அமர்ந்தபோது வென்றது. அமெரிக்க அதிபருக்கோ நான்காண்டு உறுதி. இடையில் அகற்ற மேலவையில் மூன்றில் இரு பங்கு வாக்கு வேண்டும், அவ்வாறு இதுவரை எவரும் அகற்றப்படவில்லை. நிலைத்தன்மை கிடைக்கிறது; ஆனால் தவறான தேர்வைத் திருத்தத் தாமதமாகிறது.

சர்வாதிகாரத்தில் முடிவுகள் விரைவாக எடுக்கப்படும் என்பது பலர் சொல்லும் வாதம். முடிவெடுக்கத் தேவையான செய்தி மேலே போய்ச் சேருமா என்பதை அவர்கள் கேட்பதில்லை. சீனாவில் உற்பத்தியை விரைவாகப் பெருக்க 1958இல் தொடங்கிய ‘மாபெரும் முன்னேற்றப் பாய்ச்ச’லின்போது, மேலிடத்துக்கு அஞ்சிய அதிகாரிகள் விளைச்சலை மிகைப்படுத்திக் கணக்குக் கொடுத்தனர். அந்தக் கணக்கை வைத்தே அரசு தானியத்தைக் கொள்முதல் செய்தது. விளைவித்தவர்களுக்கே உணவு மிஞ்சவில்லை, கோடிக்கணக்கானோர் மாண்டனர்.