ஏரி நிறைய ஒரே செடி

வெங்காயத்தாமரைப் பூ ஒன்றைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். வெளிர் ஊதா நிறத்தில் ஆறு இதழ்கள். நிமிர்ந்து நிற்கும் மேல் இதழில் மட்டும் நீலத்துக்கு நடுவே மயிற்கண் போல ஒரு மஞ்சள் திட்டு. இந்த அழகுக்காகத்தான் தென் அமெரிக்காவிலிருந்து இதைக் கப்பலேற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். இப்போது இதழ்களை மெல்ல விலக்கி உள்ளே பாருங்கள். ஆறு மகரந்தத்தாள்கள் இருக்கும். மூன்று நீளமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மூன்று குட்டையாகக் குழலுக்குள் பதுங்கியிருக்கும். அந்த இரண்டு வரிசைக்கும் இடையே, நடுத்தர உயரத்தில், மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் சூலகமுடி.

எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஒரு காலை நேரம் முப்பது நாற்பது பூக்களை இப்படிப் பிரித்துப் பார்த்தேன். காலையில் பார்த்தால்தான் உண்டு. சாயங்காலத்துக்குள் பூ வாடிவிடும், பூங்கொத்தின் காம்பு வளைந்து தண்ணீருக்குள் தலையை நுழைத்துக்கொள்ளும். பார்த்த பூக்கள் எல்லாவற்றிலும் அதே நடுத்தர உயரம். ஒன்றுகூட மாறவில்லை. அந்தச் சின்ன ஒற்றுமைக்குள் ஒரு பெரிய கதை இருக்கிறது.

முதலில் பெயரைத் தெளிவாக்கிவிடுகிறேன். செய்தித்தாள்களில் ஆகாயத்தாமரை என்றும் இதை எழுதுகிறார்கள். ஆனால் சித்த மருத்துவம் சொல்லும் ஆகாயத்தாமரை வேறு. அது முட்டைக்கோசு போல இலை விரித்து மிதக்கும் செடி. நான் சொல்வது, இலைக்காம்பு வெங்காயம் போல உப்பியிருக்கும் செடி. இலங்கையின் கிழக்கில் ஆற்றுவாழை என்பார்கள்.

வெங்காயத்தாமரையின் தாயகத்தில் மூன்று வகைப் பூக்கள் உண்டு. ஒரு வகையில் சூலகமுடியைத் தாங்கும் சூலகத்தண்டு நெட்டையாக, மகரந்தத்தாள்களுக்கு மேலே நிற்கும். இன்னொன்றில் நடுத்தரம். மூன்றாவதில் குட்டை, எல்லாவற்றுக்கும் அடியில். தேனீயின் உடலில் ஓர் உயரத்தில் ஒட்டும் மகரந்தம் அதே உயரத்தில் சூலகமுடி உள்ள வேறு வகைப் பூவில்தான் எளிதாகப் போய்ச் சேரும். அயல் மகரந்தச் சேர்க்கைக்காக, அதாவது மரபணுக்களைக் கலக்குவதற்காக, இயற்கை வகுத்த ஏற்பாடு இது. ஒரே செடியில் மூன்றும் இராது. ஒரு செடி பிறந்தால் ஆயுள் முழுக்க ஒரே வகைப் பூதான்.

கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத் தாவரவியலாளர் ஸ்பென்சர் பாரெட் பல பத்தாண்டுகளாக இந்தப் பூக்களின் பின்னால் அலைந்தவர். தாயகத்துக்கு வெளியே, இந்தச் செடி ஆக்கிரமித்த நாடுகளில், ஏறக்குறைய எங்கும் நடுத்தர வகையே இருந்தது. அங்கங்கே நெட்டை வகை தென்பட்டது. குட்டை வகை தென் அமெரிக்காவைத் தாண்டியதாகவே தெரியவில்லை.

நெட்டை வகை எப்போதாவது தலைகாட்டுகிறது, குட்டை வகை மட்டும் ஏன் வருவதே இல்லை? பூவின் வகையை இரண்டு மரபணுக்கள் முடிவு செய்கின்றன. ஒரு மரபணுவின் மாற்று வடிவங்களை அல்லீல் என்பார்கள்; ஒன்று இருந்தாலே தன் பண்பைக் காட்டிவிடுவது ஓங்கிய அல்லீல். முதல் மரபணுவில் 'குட்டை' என்னும் ஓங்கிய அல்லீல் ஒன்று இருந்தாலே பூ குட்டை வகை. அது இல்லாத செடியில் இரண்டாவது மரபணு பேசும்: அதில் 'நடுத்தரம்' என்னும் ஓங்கிய அல்லீல் இருந்தால் நடுத்தரம், இல்லாவிட்டால் நெட்டை. ஆகவே நடுத்தரச் செடி ஒன்று தன் மகரந்தத்தாலேயே விதை வைத்தால், பிள்ளைகளில் நடுத்தரமும் பிறக்கலாம், நெட்டையும் பிறக்கலாம். குட்டை பிறக்க வழியே இல்லை. நடுத்தரச் செடியின் கையில் அந்த அல்லீலே கிடையாது. கோடிக்கணக்கான செடிகள் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பரவியிருக்கின்றன. அத்தனையிலும் அந்த ஒற்றை அல்லீல் இல்லை. அது கப்பலே ஏறவில்லை.

மரபியலில் இதை நிறுவனர் விளைவு என்கிறார்கள். ஒரு மூட்டை நெல்லிலிருந்து ஒரு பிடி அள்ளினால், மூட்டைக்குள் இருக்கும் கலப்பு அனைத்தும் அந்தப் பிடிக்குள் வராது. அரிதாகக் கிடந்தவை முதலில் விடுபடும். புதிய நாட்டில் வேர்பிடிக்கும் இனக்கூட்டம் முழுவதும் அந்த ஒரு பிடியின் வாரிசுதான். வெங்காயத்தாமரை விஷயத்தில் அது பிடிகூட இல்லை, ஓரிரு மணிகள்.

பூவைப் பார்த்துச் செய்த ஊகத்தை டி.என்.ஏ. உறுதிசெய்தது. 2010இல் சீன ஆய்வாளர்களும் பாரெட்டும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தென் அமெரிக்காவிலும் ஆக்கிரமிக்கப்பட்ட கண்டங்களிலுமாக 54 இனக்கூட்டங்களிலிருந்து 1,140 செடிகள். ஒவ்வொன்றின் டி.என்.ஏ.வையும் நொதிகளைக் கொண்டு குறிப்பிட்ட இடங்களில் வெட்டி, கிடைக்கும் துண்டுகளில் ஒரு பகுதியைப் பெருக்கி, நீளவாரியாகப் பிரித்தால் கடைப் பொருள்களின் பட்டைக்குறியீடு போன்ற ஒரு கோட்டு வரிசை கிடைக்கும். இரண்டு செடிகளின் வரிசை அச்சு அசலாக ஒத்துப்போனால் இரண்டும் ஒரே குளோன். அதாவது ஒரே செடியின் உடல் துண்டுகள். மொத்தம் 49 குளோன்கள் தெரிந்தன. ஆனால் ஆய்வு செய்த செடிகளில் சுமார் 71 விழுக்காடு ஒரே ஒரு குளோனைச் சேர்ந்தவை. ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளில் ஐந்தில் நான்கு இனக்கூட்டங்களில் ஒரு குளோனுக்கு மேல் இல்லவே இல்லை. அந்தப் பரவலான குளோன் தாயகப் பக்கத்தில் பெரு நாட்டின் இரண்டு இடங்களில் மட்டும் அகப்பட்டது. வங்கதேசத்திலும் இந்தோனேசியாவிலும் எடுத்த செடிகள் வேறு குளோன்களாக இருந்தன. அதனால் அமேசான் பகுதியிலிருந்து இந்தச் செடி வெளியேறியது ஒரே தடவையில் அல்ல என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

இந்த முடிவை முதன்முதலில் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. ஏரி முழுக்கப் பச்சை விரிப்பாய்க் கிடப்பதை நாம் பல லட்சம் செடிகள் என்று நினைக்கிறோம். மரபணுவின் கணக்கில் அது ஒரே உயிர். தாய்ச்செடியின் அடியிலிருந்து ஓடுதண்டு ஒன்று நீளும், அதன் நுனியில் குட்டிச்செடி முளைக்கும், காற்றடித்தால் முறிந்து தனியே மிதந்து போகும். உகந்த வெப்பமும் உரச்சத்தும் கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் எண்ணிக்கை இரட்டிக்கும். இரண்டு வாரம் என்றே வைத்துக்கொண்டாலும், ஐந்து மாதத்துக்குள் ஒன்று ஆயிரமாகும்.

இங்கே ஒரு முரண் இடிக்கிறது. மரபணு வேறுபாடு குறைந்த இனம் நலிந்துபோகும் என்றுதான் பாடப்புத்தகம் சொல்கிறது. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகினால் மறைந்து கிடக்கும் கேடான அல்லீல்கள் ஒன்றுசேரும். சூழல் மாறினால் தாங்கிக்கொள்ளும் ரகம் கூட்டத்தில் இராது. கிர் காட்டுச் சிங்கங்களைப் பற்றி நாம் கவலைப்படுவது இதனால்தானே? வெங்காயத்தாமரைக்கு மட்டும் ஏன் அந்த விதி பொருந்தவில்லை?

முதல் காரணம், விதை வைக்காமல் பெருகுவது. ஓடுதண்டு வழியாகப் பெருகும்போது மரபணுக்கள் பிரிவதும் இல்லை, மறுபடி சேர்வதும் இல்லை. கேடான அல்லீல்கள் இரண்டு ஒரே செடியில் சந்திக்கும் வாய்ப்பே வராது. நன்றாக வாழ்ந்த ஒரு சேர்க்கை அப்படியே உறைந்து நூறு ஆண்டுகள் நகலாகிக்கொண்டிருக்கிறது. விதையும் விழத்தான் செய்கிறது. சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கவும் செய்யும். ஆனால் முளைத்து நிலைக்க ஆழமில்லாத தண்ணீரோ ஈரச் சேறோ வேண்டும். நிறைந்து கிடக்கும் ஏரியில் அதற்கு இடம் அரிது.

இரண்டாவது காரணத்தை ஏரிக்கரையிலேயே கண்ணால் பார்க்கலாம். விரிப்பின் ஓரத்தில், திறந்த தண்ணீரில் மிதக்கும் செடியைத் தூக்கிப் பாருங்கள்: குட்டைக் காம்பு, பருத்த வெங்காயம், அகன்று சாய்ந்த இலைகள். பிறகு நடுவில் நெருக்கியடித்து நிற்கும் செடியைப் பிடுங்குங்கள். இடுப்பளவு உயரம்கூட இருக்கும். காம்பு ஒல்லி, வெங்காயத்தைக் காணவே முடியாது. இரண்டும் வேறு வேறு இனங்கள் என்று சத்தியம் செய்யத் தோன்றும். இரண்டுக்கும் மரபணு ஒன்றே. ஓரத்தில் மிதப்பதற்கு ஓர் உருவம், நெரிசலில் வெளிச்சத்துக்குப் போட்டியிட இன்னோர் உருவம். ஒரு மரபணுத் தொகுதி சூழலுக்கேற்ப உடலை மாற்றிக்கொள்ளும் இந்த நெகிழ்வுதான், வேறுபாடு இல்லாத குறையை அதற்கு ஈடுகட்டுகிறது. போதாக்குறைக்கு, வெப்ப நாடுகளின் தேங்கிய நீர்நிலைகள் ஒன்றுக்கொன்று பெரிதாய் மாறுபடுவதும் இல்லை. அதிலும் நாம் சாக்கடையைத் திருப்பிவிட்டு நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஊட்டிய ஏரிகள் அதற்கு ஒரே மாதிரிச் சாப்பாட்டுத் தட்டுகள்.

ஆக, வேறுபாடு இல்லாமலும் ஒரு செடி உலகை வளைக்கலாம். ஆனால் இதை வைத்து, வேறுபாட்டுக்குப் பொருளே இல்லை என்று முடிவுகட்டினால் தவறிவிடுவோம். ஏரியிலிருந்து கரையேறி மலைக்குப் போவோம். முதுமலையிலும் மாயாறு பக்கத்திலும் புதராய் மண்டிக்கிடக்கும் உண்ணிச்செடியின் கதை நேர் எதிர். அமெரிக்க வெப்பமண்டலத்தின் செடி அது. ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் பூ நிறத்துக்காகக் கலப்பு செய்து நூற்றுக்கணக்கான ரகங்களை உண்டாக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு வந்தது. அதன் பிறகும் பல வழியில், பல தடவை இந்தியாவுக்குள் நுழைந்தது. 2014இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, இந்தியாவின் உண்ணிச்செடிக்குள் நிறைய மரபணு வேறுபாடு இருப்பதையும், பல தடவை வந்திறங்கியதற்கான தடயத்தையும் காட்டியது. பறவைகள் பழத்தைத் தின்று விதையைச் சுமக்கின்றன. தனித்தனியாக வந்த வம்சங்கள் இங்கே கலந்து, தாயகத்தில்கூட இருந்திராத சேர்க்கைகளைப் பெறுகின்றன.

வட அமெரிக்காவின் ஈரநிலங்களில் பரவியிருக்கும் கேனரிப் புல் ஒன்றிலும் இதையே கண்டார்கள். மாட்டுத் தீவனத்துக்காக ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் திரும்பத் திரும்பக் கொண்டுவந்ததில், புதிய நாட்டுப் புல்லுக்குத் தாயகத்துப் புல்லைவிட வளமான மரபணுக் கலவை அமைந்துவிட்டது.

இந்த வேறுபாடு களையைக் கட்டுப்படுத்துகிறவர்களுக்கு என்ன செய்யும் என்பதற்கு, ஆஸ்திரேலியாவின் கோதுமை வயல்களில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து வந்த கோண்ட்ரில்லா என்ற களை அங்கே மூன்று வடிவங்களில் இருந்தது: ஒடுங்கிய இலை, இடைப்பட்ட இலை, அகன்ற இலை. சேர்க்கை இல்லாமலே விதை வைக்கும் செடி என்பதால் மூன்றும் தனித்தனி குளோன் போல வாழ்ந்தன. மிகுதியாக இருந்தது ஒடுங்கிய இலை வடிவம். 1971இல் அதைத் தாக்கும் துருப் பூஞ்சை ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்கள். நோய் காட்டுத்தீயாகப் பரவியது. ஒடுங்கிய இலை வடிவம் சரிந்தது. உழவர்கள் மூச்சு விட்டார்கள். ஆனால் அந்தப் பூஞ்சைக்கு மற்ற இரண்டு வடிவங்களின் மேல் பிடிமானம் இல்லை. காலியான நிலத்தில் அவை பரவத் தொடங்கின. ஒரு பூட்டுக்குச் செய்த சாவி அடுத்த பூட்டைத் திறக்கவில்லை. அங்கே மூன்றே பூட்டுகள்தாம். உண்ணிச்செடிக்கு எத்தனை? உலகம் முழுவதும் நாற்பதுக்கும் மேற்பட்ட இயற்கை எதிரிகளை அதன் மேல் ஏவியும் பலன் அரைகுறையாகவே நிற்பதற்கு, அதன் எண்ணற்ற ரகங்களும் ஒரு காரணம்.

வெங்காயத்தாமரைக்குத் தென் அமெரிக்காவிலிருந்தே வந்த எதிரி ஒரு கூன்வண்டு. வளர்ந்த வண்டு இலையைச் சுரண்டித் தின்னும். புழு காம்பைக் குடைந்து குருத்துக்குப் போகும். 1980களில் இதைப் பெங்களூருவில் விட்டபோது சில ஏரிகளில் நல்ல பலன் கிடைத்தது. 1990களின் இறுதியில் ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் களை பெருமளவு சரிந்ததிலும் இந்த வண்டுக்குப் பங்கு உண்டு. பூட்டு ஒன்றாக இருப்பது இங்கே நமக்குச் சாதகம். ஒரு நீர்நிலையில் இந்த வண்டு தின்னும் செடி, அடுத்த நீர்நிலையிலும் பெரும்பாலும் அதே செடிதான். எல்லா இடத்திலும் வெல்லவில்லை என்பதும் உண்மை. சாக்கடைச் சத்தில் கொழுத்த செடி, வண்டு தின்னும் வேகத்தைவிட வேகமாக வளர்ந்துவிடுகிறது.

அதனால்தான் "இந்தச் செடிதான் ஏற்கெனவே வந்துவிட்டதே, இன்னொரு தடவை வந்தால் என்ன" என்ற பேச்சைக் கேட்டால் எனக்குப் பதறுகிறது. தோட்டக் குளத்துக்கும் மீன் தொட்டிக்கும் நீர்ச்செடிகள் நாடு விட்டு நாடு போய்க்கொண்டேதான் இருக்கின்றன. சட்டங்கள் இனத்தின் பெயரைப் பார்க்கின்றன. இலங்கையில் 1909இலேயே வெங்காயத்தாமரைக்கென்று தனிச் சட்டம் போட்டார்கள், வங்காளத்தில் 1936இல். ஆனால் ஒரே பெயருக்குள் வேறு மரபணுக்கள் வந்தால் அது இன்னொரு செடி வருவதற்குச் சமம். வரும் செடியின் பூவில் சூலகத்தண்டு குட்டையாக இருக்கலாம்.

அடுத்த முறை ஏரிக்கரைப் பக்கம் போனால் ஒரு பூவைப் பிரித்துப் பாருங்கள். நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை எல்லாம் நடுத்தரம்.