கீழ்ப் பல்லுக்கு ஊசி போடக் கற்றுக்கொள்வது எப்படி?

"மகளுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லை எடுக்கணும். பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம்னா, அங்கே படிக்கிற பிள்ளைங்கதானே ஊசி போடுவாங்கன்னு வீட்டில் பயப்படுறாங்க. பல்லை எடுத்தா கண் பார்வை போயிடும்னு மாமியார் வேற சொல்றாங்க. எது உண்மை?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

மாமியாருக்கான பதில் சுருக்கமானது. பார்வைக்கு உரியது மூளையிலிருந்து வரும் இரண்டாம் நரம்பு. பற்களுக்கு உணர்வு தருவது ஐந்தாம் நரம்பு. இரண்டும் வேறு வேறு வேலை பார்ப்பவை. பல் விழும் வயதும் கண் மங்கும் வயதும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் பழி பல்லின் மேல் விழுந்திருக்கும் என்பது என் ஊகம். இந்தப் பயத்தால் சொத்தைப் பல்லை வருடக்கணக்கில் வாயிலேயே வைத்திருந்து, முகம் வீங்கிய பிறகு வருகிறவர்கள் இன்றும் உண்டு. அதுதான் உண்மையான ஆபத்து.

படிக்கிற பிள்ளைகள் ஊசி போடுவார்கள் என்பது சரிதான். பி.டி.எஸ். என்கிற இளநிலைப் பல் மருத்துவப் படிப்பு நான்கு ஆண்டுகள், அதன்பின் ஓராண்டு பயிற்சி மருத்துவராக வேலை. விபத்தில் உடைந்த தாடையைப் பொருத்துவதும் தாடைக் கட்டியை அகற்றுவதும் மேற்கொண்டு மூன்றாண்டு எம்.டி.எஸ். படிப்பவர்களின் களம். இளநிலை மாணவர் முகத்தாடை அறுவைத் துறைக்குள் நுழைவது பல் எடுக்கும் கதவு வழியாகத்தான்.

பல் எடுப்பதற்குப் பலம் வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் முதலில் சொல்லப்படுவது 'இழுக்காதே'. பல் எலும்போடு ஒட்டிக்கொண்டில்லை. ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள நார்ப்படலத்தில் தொங்குகிறது. குறடின் முனையை வேரை நோக்கிக் கீழே அழுத்தி, மெதுவாகக் கன்னப் பக்கமும் நாக்குப் பக்கமும் அசைத்தால் எலும்புக்குழி கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து கொடுக்கும். ஊன்றிய கம்பத்தை ஆட்டி ஆட்டிப் பிடுங்குகிறோமே, அதேதான்.

ஆனால் குறடு வருவதற்கு முன்பே பாதிப் பரீட்சை முடிந்துவிடும். அது வலி தெரியாமல் மரக்கச் செய்யும் ஊசி.

மேல்தாடை எலும்பு மெல்லியது, நுண்துளைகள் கொண்டது. பல்லுக்கு அருகே மருந்தைப் போட்டால் ஊறி உள்ளே போய்விடும். கீழ்க் கடைவாய்ப் பல்லைச் சுற்றி இருப்பதோ கெட்டி எலும்பு. அங்கே ஊறாது. ஆகவே நரம்பு எலும்புக்குள் நுழைவதற்கு முன்பே அதை வழிமறிக்க வேண்டும். தாடையின் பின்பகுதி காதை நோக்கிச் செங்குத்தாக ஏறுகிறதல்லவா, அதன் உட்புறச் சுவரில் ஒரு துளை. அதன் வாசலில் குட்டி நாக்கு மாதிரி ஓர் எலும்பு நீட்டல். நரம்பு அந்தத் துளைக்குள்தான் நுழைகிறது. வாயைத் திறந்து பார்த்தால் இதில் எதுவும் தெரியாது.

தெரியாததை எப்படிக் கண்டுபிடிப்பது? மாணவர் முதலில் உலர்ந்த தாடை எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு நாள்கணக்கில் தடவிப் பழகுகிறார். பிறகு நோயாளியின் வாயில் கட்டைவிரலைக் கடைவாய்க்குப் பின்னால் வைத்து, தாடையின் முன்விளிம்பில் இருக்கும் குழிவைத் தேடுகிறார். அது ஊசி நுழையும் உயரத்தைச் சொல்லும். வாயை நன்றாகத் திறந்தால் பின்னால் மேலிருந்து கீழாக ஒரு சதை மடிப்பு தெரியும். அதற்கும் விரலுக்கும் நடுவே, எதிர்ப்பக்கச் சிறு கடைவாய்ப் பற்களின் மேலிருந்து ஊசி வருகிறது. சுமார் 20 முதல் 25 மில்லிமீட்டர் போனதும் முனை எலும்பை மெல்லத் தொட வேண்டும். இந்தத் தொடுகைதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். கொஞ்சம் போனதுமே எலும்பு தட்டினால், முனை மிக முன்னால் இருக்கிறது. போய்க்கொண்டே இருந்தும் தட்டவில்லை என்றால் மிகப் பின்னால். அங்கே மருந்தை விட்டால் எச்சில் சுரப்பிக்குள் ஓடும் முகநரம்பு மரத்து, சில மணி நேரம் வாய் கோணி, கண் மூடாமல் போகும். தானாகவே சரியாகிவிடும், ஆனால் அந்த மாணவருக்கு அன்று இரவு தூக்கம் வராது. எலும்பைத் தொட்டதும் துளி பின்வாங்கி, சிரிஞ்சை இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மிக மெதுவாக மருந்து.

அப்புறம் காத்திருப்பு. முதலில் நாக்கு நுனி மரக்கும். அது வழியில் இருக்கும் வேறொரு நரம்பு. புதியவர் அதைப் பார்த்தே குறடைத் தேடுவார், பின்னால் நிற்கும் பேராசிரியர் தடுப்பார். கீழ் உதட்டில் பாதி மரத்து, வீங்கினாற்போல நோயாளிக்குத் தோன்றினால்தான் கணக்கு. இத்தனைக்குப் பிறகும் அனுபவசாலிகளின் கையிலேயே 100-க்கு 15, 20 தடவை முதல் ஊசி சரியாகப் பிடிக்காது என்கின்றன பாடநூல்கள். மாணவர் இரண்டாவது ஊசி கேட்டால் அவரைத் தேளாகப் பார்க்காதீர்கள்.

இந்த நரம்பை முதலில் இப்படி மரக்கச் செய்தவர்களில் ஒருவர் நியூயார்க்கின் அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட். 1884-85 வாக்கில், கொக்கெயினைக் கொண்டு. தன் மேலேயே சோதித்துச் சோதித்து அதற்கு அடிமையாகவும் ஆனார். பின்னாளில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை மருத்துவர்களைப் படிப்படியாகப் பொறுப்பேற்ற வைத்துப் பழக்கும் முறையை உருவாக்கியவரும் அவரே. பேராசிரியர் பின்னால் நிற்க மாணவர் ஊசி போடும் காட்சியின் இரண்டு பாதியும் ஒரே மனிதரிடம் போய் முடிவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

இன்று கொக்கெயின் இல்லை, லிடோகெயின். ஸ்வீடனில் 1943-இல் உருவானது. இதற்கு இரண்டு வேடம். மின்னேற்றம் இல்லாத வேடத்தில்தான் நரம்பின் கொழுப்புச் சவ்வைத் தாண்ட முடியும். உள்ளே போனபின் மின்னேற்றம் பெற்ற வேடத்தில், நரம்புக்குள் சோடியம் நுழைந்து செய்தியை நகர்த்தும் வாசலை அடைக்கும். வலிச் செய்தி அங்கேயே நின்றுவிடும். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு (குறையக் குறைய அமிலம் கூடுதல்) உடலில் இயல்பாக 7.4; அந்த அளவில், சுமார் நான்கில் ஒரு பங்கு மூலக்கூறுகள் உள்ளே போகும் வேடத்தில் இருக்கும். சீழ் பிடித்த இடத்தில் அமிலம் கூடி அளவு 6.4 ஆகிவிட்டால், அது 100-க்கு 3 ஆகச் சுருங்கும். "வீக்கம் இருக்கு, மாத்திரை சாப்பிட்டு வாங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எலும்பு தட்டும் அந்த உணர்வை, வலிக்காத செயற்கைத் தாடையில் நூறு முறை பழகிவிட்டு வந்தால் மாணவருக்கும் நல்லது, நோயாளிக்கும் நல்லது. அத்தகைய மாதிரிகளை நம் பொறியியல் கல்லூரிகளின் முப்பரிமாண அச்சு எந்திரங்களே செய்து தள்ளலாம். கோடிகளில் கட்டடம் எழுப்பக் கிடைக்கும் பணத்தில் ஒரு துளி இதற்கு வந்தால் போதும்.

ஆகவே வாசகி தாராளமாக மகளை அழைத்துப் போகலாம். திரும்பும் வழியில் சூடாகக் காபி மட்டும் வாங்கிக் கொடுக்க வேண்டாம். உதடு மரப்பு விடச் சில மணி நேரம் ஆகும். சுட்டாலும் தெரியாது, தன் உதட்டையே கடித்துக்கொண்டாலும் தெரியாது.