டெராபைட்: சொல்லும் அளவும்

ஒரு டெராபைட் என்பது ஒரு லட்சம் கோடி பைட். பூதம், அரக்கன் என்று பொருள்படும் 'டெராஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது 'டெரா'. 1960இல் அனைத்துலக அலகு முறை அதை முன்னொட்டாக ஏற்றுக்கொண்டது. 'பைட்' அந்தக் கிரேக்கச் சொல்லைப்போல் பழையதல்ல. 1956இல் ஐபிஎம்மின் ஸ்ட்ரெட்ச் கணினியை வடிவமைக்கும்போது வெர்னர் புக்ஹோல்ட்ஸ் உருவாக்கிய சொல் அது. 0 அல்லது 1 என்ற ஒற்றை இலக்கமான 'பிட்' (bit) என்று தவறி எழுதிவிடக் கூடாதென்றே 'bite' என்ற ஆங்கில எழுத்துக்கூட்டை 'byte' என்று மாற்றி அமைத்தார்கள். இன்று ஒரு பைட்டுக்கு எட்டு பிட்.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பிட், பைட் என்றே எழுதுகின்றன. அதுவே சரி, மீட்டர், கிராம் போல இவையும் அலகுகள். அளக்கப்படும் பொருளுக்குத்தான் தமிழ்ச்சொல் வேண்டும். எவ்வளவு கொள்ளும் என்பதற்குக் கொள்ளளவு, எவ்வளவு விரைவில் நகரும் என்பதற்குப் பரிமாற்ற வேகம், கருவிக்கு வன்தட்டு. வளையும் நெகிழ்வட்டிலிருந்து பிரித்துக்காட்ட வந்த 'வன்' அது. உள்ளே சுழல்வது அலுமினியம் அல்லது கண்ணாடித் தட்டு. நிலைவட்டு என்பாரும் உண்டு. தனியே எடுத்துச் செல்வது புற வன்தட்டு.

ஒரு டெராபைட் என்று வாங்கிய வன்தட்டை விண்டோஸ் 931 ஜிகாபைட் என்று காட்டும். எதுவும் களவு போகவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. ஒவ்வொரு படியிலும் 2.4 விழுக்காடு விலகி, ஜிகாவில் 7, டெராவில் 9 விழுக்காடு குறைவாகத் தெரியும். 2 டெராபைட் 1.81 ஆகவும் 4 டெராபைட் 3.63 ஆகவும் காட்டும். 1024 கணக்குக்கென்றே 1998இல் கிபி, மெபி, ஜிபி, டெபி என்று தனி முன்னொட்டுகள் வகுக்கப்பட்டன. விண்டோஸ் பழைய பெயரையே வைத்திருக்கிறது. மேக் 2009 முதல் ஆயிரக் கணக்குக்கு மாறிவிட்டதால், அதே தட்டு அங்கே முழு டெராபைட்டாகத் தெரியும்.

வேகத்தில் பிட்டும் பைட்டும் மோதுகின்றன. யுஎஸ்பி 3.0இன் 'நொடிக்கு 5 ஜிகா' என்பது பிட் கணக்கு. எட்டு பிட் தரவு பத்து பிட்டாகக் குறியேற்றப்பட்டுப் போவதால் பத்தால் வகுக்க வேண்டும்: நொடிக்கு 500 மெகாபைட். அதுவும் கம்பியின் எல்லைதான். நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் இரண்டரை அங்குலத் தட்டு விளிம்புத் தடங்களில் 120 மெகாபைட் அளவுக்குத் தரும். மையத்தை நெருங்கும்போது ஏறக்குறைய பாதியாகிவிடும். தட்டு பொதுவாக விளிம்பிலிருந்து உள்நோக்கி நிரம்பும்; நிறைய நிறைய வேகம் குறைவது இதனால்தான்.

500 ஜிகாபைட்டை 120 மெகாபைட் வேகத்தில் நகலெடுக்க ஒரு மணி பத்து நிமிடம் ஆகும். 35 மெகாபைட் என்றால் நான்கு மணி நேரம். பெரிய கோப்பும் 30–40ஐத் தாண்டவில்லையென்றால் இணைப்பு யுஎஸ்பி 2.0இல் ஓடுகிறது என்று ஐயப்படலாம். தட்டை நீல நிறத் துளையில் செருகிப் பாருங்கள், பிறகு கம்பியை மாற்றுங்கள். அகன்ற மைக்ரோ-பி துளையில் பழைய சிறு கம்பியும் பொருந்திவிடும். ஆனால் கூடுதல் ஐந்து இணைப்புகள் சேராமல் வேகம் விழும்.

முதலில் விரைந்து, பிறகு 20 மெகாபைட்டுக்குச் சரிந்தால் கம்பியைக் குறை சொல்லாதீர்கள். ஓட்டடுக்குபோல் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் தட்டாக அது இருக்கலாம். இடைச்சேமிப்புப் பகுதி நிரம்பியதும் அது பக்கத்துத் தடங்களையும் சேர்த்துத் திருப்பி எழுத வேண்டியிருக்கிறது. நகலெடுப்பைச் சிறிது நேரம் நிறுத்தி, இணைப்பைக் கழற்றாமல் விட்டால் வேகம் மீளும்.