ஜூரி டூட்டிக்குப் போகாமல் விட்டுவிட்டீர்களா?

கலிஃபோர்னியாவில் வழக்கறிஞராக இருக்கிறேன். பெரும்பாலும் குடியேற்ற வழக்குகள்தான். ஆனாலும் அவ்வப்போது இப்படி ஒரு போன் வரும்: "அக்கா, ஜூரி டூட்டிக்கு லெட்டர் வந்திருந்துச்சு, நான் கவனிக்கவே இல்லை. தேதி போயிடுச்சு. அரெஸ்ட் பண்ணிடுவாங்களா?" அமெரிக்காவில் ஒரு வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் ஜூரியில் உட்கார, நீதிமன்றம் பொதுமக்களைக் கூப்பிடுவதுதான் ஜூரி டூட்டி.

ஒரு தடவை தவறியதற்காக யாரும் விலங்கோடு வந்து கதவைத் தட்டுவதில்லை. ஆனால் அந்தக் கடிதத்தை மறுபடி விளம்பரத் தாள்களுக்கு அடியில் செருகிவிட்டால் பிரச்சினை அங்கிருந்துதான் வளரும்.

நமக்கு இது பழக்கமில்லாத விஷயம். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1945-ல் நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் குற்றவாளிகள் என்று சொன்னது ஜூரிதான். அந்த ஜூரியையெல்லாம் இந்தியா எப்போதோ மூட்டை கட்டிவிட்டது. இங்கேயோ சிட்டிசன்ஷிப் வாங்கி வாக்காளராகப் பதிந்தால், என்றாவது ஒரு நாள் சம்மன் வரும். டிரைவிங் லைசென்ஸ் பட்டியலிலிருந்தும் பேர் எடுப்பார்கள்.

நான் பார்த்தவர்களில் பலர் வேண்டுமென்று தவறவிட்டவர்கள் இல்லை. வீடு மாறியிருப்பார்கள், லைசென்ஸ் கொடுக்கும் டிஎம்வி அலுவலகத்தில் பழைய முகவரியே இருக்கும். அல்லது குழு எண் குழப்பம். சம்மனில் ஒரு குழு எண் கொடுத்திருப்பார்கள். முந்தின நாள் மாலை இணையத்திலோ போனிலோ பார்த்து, நம் குழுவைக் கூப்பிட்டிருந்தால் மட்டும் மறுநாள் போக வேண்டும். ஞாயிறு மாலை பார்த்தால், வர வேண்டாம், நாளை மறுபடி பாருங்கள் என்று இருக்கும். திங்களும் அதேதான். செவ்வாய் மாலை பிள்ளையை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டிவரும் அவசரத்தில் பார்க்க மறந்துபோகும். புதன்கிழமைக்கு அந்தக் குழுவைத்தான் கூப்பிட்டிருப்பார்கள்.

சரி, என்ன செய்வது? சம்மனை எடுத்து, அதிலுள்ள ஜூரர் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, அதே தாளில் இருக்கும் ஜூரி அலுவலக எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தவறவிட்டேன், வேறு தேதி கொடுங்கள் என்று நேராகக் கேளுங்கள். பாட்டி செத்த கதையெல்லாம் வேண்டாம். தினமும் இதைக் கேட்டுச் சலித்தவர்கள் அவர்கள். யாரிடம் பேசினீர்கள், என்று பேசினீர்கள் என்பதைச் சம்மன் மேலேயே எழுதி வையுங்கள். பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும்.

தொடர்ந்து பதிலே போடாவிட்டால்தான் நீதிபதி முன் வந்து காரணம் சொல்லும்படி உத்தரவு வரும். அந்த விசாரணைக்கு அப்புறம் கலிஃபோர்னியாவில் முதல் தடவைக்கு 250 டாலர் வரை, இரண்டாம் தடவைக்கு 750, அதற்கு மேல் 1,500 வரை அபராதம் போடலாம். ஃபெடரல், அதாவது மத்திய அரசு நீதிமன்றச் சம்மன் என்றால் 1,000 டாலர் வரை அபராதம், மூன்று நாள் வரை சிறை, சமூக சேவை, இவற்றில் எதுவும் வரலாம். அப்படி உத்தரவு வந்துவிட்டால் கட்டாயம் நேரில் போங்கள். அப்போது இந்தியாவில் இருந்தீர்கள் என்றால் பாஸ்போர்ட் முத்திரையும் போர்டிங் பாஸும், ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள் என்றால் டிஸ்சார்ஜ் தாளும் கையில் இருக்கட்டும்.

அம்மா அப்பா விஷயம் தனி. கிரீன் கார்டில், அதாவது நிரந்தரக் குடியிருப்பு அனுமதியில், 15 ஆண்டு இருந்து 55 வயது தாண்டியவர்கள் சிட்டிசன்ஷிப் தேர்வில் தமிழிலேயே பதில் சொல்லலாம். அப்படிக் குடிமகளான ஓர் அம்மாவுக்குச் சம்மன் வந்தபோது, அவர் மாம்பலத்தில் பேத்தி கல்யாண வேலையில் இருந்தார். மகன் அதை மேசையில் வைத்துவிட்டார், அம்மா வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று. அம்மா வருவதற்குள் இரண்டாவது கடிதமும் வந்துவிட்டது. வழக்கைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு ஆங்கிலம் தெரியாது என்பது சட்டப்படி சரியான காரணம். ஆனால் அதைப் படிவத்தில் சொல்லி அனுப்ப வேண்டும். 70 வயது தாண்டியவர்கள் உடல்நலக் காரணம் சொன்னால் டாக்டர் சான்று இல்லாமலே விலக்குக் கிடைக்கும்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது அபராதம் இல்லை, கிரீன் கார்டிலும் எச்-1பி வேலை விசாவிலும் இருப்பவர்கள் செய்யும் தவறு. லைசென்ஸ் பட்டியல் வழியாக அவர்களுக்கும் சம்மன் வரும். கோர்ட்டே கூப்பிட்டிருக்கிறதே என்று மரியாதைக்குப் போய் உட்கார்ந்துவிடக் கூடாது. குடிமகன் இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டு, நகல் எடுத்து வைத்துக்கொண்டு அனுப்புங்கள். குடிமகன் என்று தவறாகச் சொன்னால் கிரீன் கார்டுக்கே ஆபத்து. ஏற்கெனவே குடிமகன் என்று தவறாக டிக் போட்டு அனுப்பிவிட்டீர்கள் என்றால், வேறு எதையும் எழுதி அனுப்புவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். குடிமக்களுக்கும் ஒரு வார்த்தை: தப்பிப்பதற்காகக் குடிமகன் இல்லை என்று எழுதுவது பொய்ச் சத்தியம்.

இன்னொன்று. "நீங்கள் ஜூரி டூட்டிக்கு வரவில்லை, வாரண்ட் போட்டாகிவிட்டது, உடனே பணம் கட்டுங்கள்" என்று ஷெரிஃப் (மாவட்டப் போலீஸ்) பெயரில் போன் வந்தால் அது மோசடி. உங்கள் பேர், முகவரி எல்லாம் சரியாகச் சொல்வார்கள். கிஃப்ட் கார்டு வாங்கச் சொல்வார்கள், பிட்காயின் மெஷினுக்குப் போகச் சொல்வார்கள், லைனை வைக்க விடமாட்டார்கள். எந்த நீதிமன்றமும் உங்களைப் போனில் கூப்பிட்டு அபராதம் கேட்பதில்லை. வைத்துவிட்டு, சம்மனில் உள்ள எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.

முதலில் சொன்ன மாதிரிப் போன் செய்த தம்பி ஒருவருக்கு ஆறு வாரம் கழித்துப் புதுத் தேதி கொடுத்தார்கள். காலை எட்டு மணிக்குப் போய், மாலை நான்கு வரை காத்திருந்துவிட்டு, யாரும் பேர் சொல்லிக் கூப்பிடாமலே வீட்டுக்கு வந்தார். எவ்வளவு கொடுப்பார்கள் என்று கேட்டார். முதல் நாளுக்கு ஒன்றும் கிடையாது, இரண்டாம் நாளிலிருந்துதான் நாளுக்கு 15 டாலர் என்றேன். பார்க்கிங்குக்கே அதைவிட அதிகம் ஆயிற்றாம்.